அறுபத்தேழாம் தாள்

காலை எட்டு மணிக்கு ஒரு தாள் குறைந்தது.

அக்கா மறுபடி எண்ணினாள். நூற்றுப் பதினொன்று. அவள் எண்ணினால் ஒரு தடவை போதும். இன்றைக்கு மூன்று தடவை எண்ணினாள். ஊசியைக் கொண்டையில் செருகினாள்.

“டேய் தம்பி, அறுபத்தேழு எங்க?”

பைண்டர் அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி பாதியில் நின்றது.

“எந்த அறுபத்தேழு?”

“அறுபத்தாறு இருக்கு. அறுபத்தெட்டு இருக்கு. நடுவுல இருந்தவர் எங்க போனார்னு கேக்கறேன்.”

முன்னறைதான் பட்டறை. இரண்டு மேசை, ஒரு இரும்பு அழுத்தி, மூலையில் சாய்த்து வைத்த, அட்டைமேல் ஒட்டும் காலிகோத் துணிச் சுருள்கள். உள்ளறையில் அடுப்பு, கட்டில், துணிக்கொடி. நடுவில் கதவு கிடையாது. குழந்தை தவழ்ந்து வராமலிருக்க ஒரு பலகையைக் குறுக்கே வைத்திருந்தார்கள். பத்து மாதக் குழந்தை. பலகையைத் தாண்டக் கற்றுக்கொண்டு இரண்டு மாதம் ஆகிறது.

மேசையில் இருந்தது பதிவு அலுவலகத்தின் போன வருடப் பிறப்புப் பதிவேடு. ஒரு பக்கம் மட்டும் எழுதிய உதிரித் தாள்கள். தாளுக்கு இருபத்திரண்டு வரி. வரிக்கு ஒரு குழந்தை. வேறு பிரதி இல்லை. மழையால் மூன்று நாள் தள்ளிப்போன வேலை. நான்கு மணிக்குக் குமாஸ்தா வந்து தாள்களை எண்ணிப் பார்ப்பார். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் அட்டை போடலாம். இது நல்லபடியாக முடிந்தால் பழைய பதிவேடுகள் அத்தனையும் இந்த வீட்டுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அறுபது வருடத்துப் பிறப்பு.

“ஒரு தாள் போனா இருபத்திரண்டு பேர் பொறக்கவே இல்லைன்னு ஆயிடும்டா,” என்றாள் அக்கா. “பள்ளிக்கூடத்துல சேக்கப் போனா, யார் நீன்னு கேப்பாங்க.”

பைண்டர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். அழுத்தியின் பின்னால் பார்த்தார். தலை நிமிர்ந்தபோது கையில் ஒரு துணுக்கு இருந்தது. கைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஓரம் பல் பல்லாக இருந்தது. அதில் மை அழியாமல் ‘பெண்’ என்று எழுதியிருந்தது.

பக்கத்தில் கறுப்பாக நான்கு எலிப் புழுக்கை.

“ஐயையோ,” என்றார். “தின்னுட்டான்.”

உள்ளேயிருந்து மனைவி ஓடி வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் கரண்டி.

“என்னங்க? எதைத் தின்னான்?”

“பொறப்பைத் தின்னுட்டான்!”

குழந்தை கைதட்டியது. வீட்டில் யார் கத்தினாலும் அது கைதட்டும்.

சுண்டெலி வந்து இரண்டு வாரம் ஆகிறது. முதலில் ஒன்று என்றார்கள். பிறகு ஒன்றே பல இடத்தில் ஓடுகிறது என்றார்கள். பைண்டர் பூனை வேண்டாம் என்றார்; பூனை தாள்மேல் படுக்கும். மருந்து வேண்டாம் என்றாள் மனைவி, குழந்தை தவழ்கிறது. அதனால் அவர் தன் தொழிலைக் கொண்டே எலியை ஒழிப்பதாகச் சொன்னார். சுவரில் ஏழு ஓட்டை. ஒவ்வொன்றையும் அளந்தார். அளவுக்கு அட்டை வெட்டினார். மூன்று அட்டையைச் சேர்த்து ஒட்டி, பசை தடவி, ஓட்டைக்குள் இறுக்கி, மேலே காலிகோ ஒட்டி விளிம்பை மடித்தார். அரசாங்கப் புத்தகத்துக்குக்கூட அவ்வளவு சுத்தமாக மடித்ததில்லை.

மறுநாள் காலையில் ஏழும் திறந்திருந்தன.

ஈரத்தில் பசை பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னும் கெட்டியாகத் தடவினார். அடுத்த நாளும் திறந்திருந்தன. அட்டையைக்கூடக் காணோம். பைண்டருக்கு அது மட்டும் புரியவில்லை. இந்த வீட்டுப் பசை மைதாவும் மயில்துத்தமும் போட்டுக் காய்ச்சியது. துத்தம் விஷம். பூச்சி, எலி எதுவும் வாய் வைக்கக் கூடாது என்றுதான் அந்த நீலக் கல்லைப் பொடித்துப் போடுவது. அதனாலேயே இந்த வீட்டில் யாரும் விரலை நக்கித் தாள் புரட்டுவதில்லை. பசை காய்ச்சுவது மனைவியின் வேலை. பானையைப் பார்த்தாலே தெரியும். நீலமாகத்தான் இருந்தது.

“இந்த எலி விஷத்தத் தின்னுட்டு இன்னும் கொஞ்சம் குடுன்னு கேக்குது,” என்று அவர் இஸ்திரிக்காரரிடம் போன வாரமே சொல்லியிருந்தார்.

இப்போது அந்த இஸ்திரிக்காரர் வாசலில் நின்றார். எதிர்ச்சாரியில் வண்டி. இங்கே கத்தினால் அங்கே கேட்கும். கையில் மரப்பொறி ஒன்று வைத்திருந்தார். உள்ளே கொக்கியில் மாட்டியதை இழுத்தால் பின்கதவு விழும்.

“பைண்டரே, என்ன ஒரே கூச்சல்? ஆளு சிக்கிட்டானா?”

“அவன் சிக்கலை. நாங்கதான் சிக்கிட்டோம்,” என்றாள் அக்கா.

அவர் துணுக்கை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஓட்டைகளைக் குனிந்து பார்த்தார். ரசித்துப் பார்த்தார்.

“எவ்வளவு அழகாக் கடிச்சிருக்கான். கத்தரில வெட்டினாக்கூட இப்படி வராது.” பிறகு மனைவியிடம் திரும்பினார். “தங்கச்சி, மறந்தே போச்சு. சொட்டு நீலம் கேட்டியே, கொண்டாந்திருக்கேன். போன வாரம் குடுத்தது அதுக்குள்ள தீந்துபோச்சா? வெள்ளைத் துணியே இல்லாத வீட்ல இவ்வளவு நீலம் எதுக்குன்னு நானும் யோசிச்சுப் பாத்தேன்.”

சட்டைப் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினார். யாரும் வாங்கவில்லை.

பைண்டர் பாட்டிலைப் பார்த்தார். பசைப் பானையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

“நீலமா?”

மனைவி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“ரெண்டு மாசமா,” என்றாள். “இவ பலகையத் தாண்டி வந்தா. பானைக்குள்ள கைய விட்டுட்டு வாய்க்குக் கொண்டுபோனா. நான் பாக்காம இருந்திருந்தா? உங்ககிட்ட சொன்னா, துத்தம் இல்லாத பசைல தொழில் பண்ண மாட்டேன்னு சொல்வீங்க. அதான் துத்தத்தை எடுத்துட்டு நீலத்தைக் கலந்தேன்.”

“அப்ப நான் அடைச்ச ஓட்டை?”

“மைதா,” என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏழு ஓட்டைக்கும் ஏழு வாழை எல போட்டு நல்லாப் பரிமாறியிருக்கே. கெட்டியா வேற!”

இஸ்திரிக்காரர் வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தார். குழந்தை கைதட்டியது. பைண்டருக்கு முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் கத்தவில்லை. அடிக்குரலில் சொன்னார்.

“அழுத்திக்குள்ள இருந்த தாளை எலி எப்படி எடுத்துதுன்னு யாரும் கேக்கலையே.”

அக்காவின் சிரிப்பு நின்றது. அதை அவள் யோசிக்கவில்லை. அழுத்தியில் இறுக்கிய கட்டில் பல்கூட நுழையாது.

“நேத்து சாயங்காலம் நான்தான் எடுத்தேன்,” என்றார். “இவகிட்ட காட்டறதுக்கு. நம்ம பொண்ணு அந்தத் தாள்லதான் இருக்கா. ஒம்பதாவது வரி. காட்டினேன். அதுக்குள்ள பாப்பா அழுதா. தாளை அந்தத் துணிச் சுருள்மேல வெச்சுட்டு வந்து தூக்கினேன். அப்புறம்…”

“அப்புறம் என் கையால அழுத்தியத் திருகினேன், ஒண்ணு கம்மின்னு தெரியாம,” என்றாள் அக்கா.

பிரித்த தாளை வெளியே விட்டுவிட்டு எழுந்திருக்கக் கூடாது. இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவது அது. பைண்டர் தன் மேசைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார்.

மனைவிக்கு அந்த வரி நினைவிருந்தது. தேதி, பெண், அப்பா பெயர், அம்மா பெயர், தெரு. குழந்தையின் பெயருக்கான கட்டம் காலி. பத்து மாதமாக அந்தச் சண்டை முடியவில்லை. அப்பா ஒரு பெயர் வைத்திருந்தார், அம்மா ஒரு பெயர் வைத்திருந்தாள். அத்தை வைத்திருந்த பெயர் நூலில் கோத்தால் ஒரு முழம் வரும். அதுவரைக்கும் பாப்பா.

“சரி, நின்னா வேலை நடக்காது,” என்றாள் அக்கா. சேலையைத் தூக்கிச் செருகினாள். “எலி தாளை வயித்துக்குத் தின்னாது. பசையத்தான் தின்னும். தாளைக் கிழிச்சு எங்கயோ மெத்தை போட்டிருக்கா. மெத்தையக் கண்டுபிடிச்சா தாளைக் கண்டுபிடிச்சோம்.”

“போட்டிருக்காளா? அப்ப பொம்பளையா?” என்றார் இஸ்திரிக்காரர்.

“ஆம்பள எலி எதுக்கு மெத்தை போடறான்? எங்க வேணா படுத்துக்குவான்.”

வீட்டைக் கவிழ்த்தார்கள். கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். அரிசி டின், பருப்பு டின், பெட்டி, பெட்டிக்குள் இருந்த பெட்டி. அடுப்பு மேடைக்குப் பின்னால் இஸ்திரிக்காரர் கையை விட்டு ஒரு ஸ்பூனும் மூன்று வருடத்துக்கு முன் காணாமல்போன சாவியும் எடுத்தார். பழைய செருப்புக்குள் பார்த்தார்கள். அட்டைக் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். மழை விட்டிருந்தது. கூரைத் தகரத்தில் வெயில் ஏறியது. எல்லோருக்கும் வியர்த்தது.

பத்தரை மணிக்கு அது ஓடியது.

“அங்க, அங்க!”

“எங்க?”

“கால்கிட்ட! உங்க காலு!”

பைண்டர் குதித்தார். இஸ்திரிக்காரர் தலைத்துண்டை வீசினார். துண்டு எலிமேல் விழவில்லை, பசைப் பானைமேல் விழுந்தது. அக்கா எலும்புத் தகட்டை எறிந்தாள். தாள் மடிக்கும் தகடு. அது பைண்டர் முழங்காலில் பட்டது. எலி மேசைக் காலைச் சுற்றி, அழுத்தியின் கீழ் நுழைந்து, மூலைப்பக்கம் மறைந்தது.

“அக்கா, யாரை அடிக்கறே? என்னையா, எலியையா?”

“குறுக்க வந்தா நான் என்ன பண்ணுவேன்? ரெண்டு பேருமே குதிக்கறீங்க.”

அந்த அமளியில் குழந்தை பலகையைத் தாண்டி வந்ததை யாரும் பார்க்கவில்லை. அது நேராக மூலைக்குப் போனது. சாய்த்து வைத்த காலிகோச் சுருள்களில் ஒன்றைப் பிடித்து எழுந்து நின்றது. உள்ளங்கையால் அறைந்தது. டப். மறுபடி டப்.

கீச்.

எல்லோரும் நின்றார்கள்.

குழந்தை திரும்பிப் பார்த்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை என்று கண்டு மறுபடி அறைந்தது.

கீச், கீச்.

காலிகோ சுற்றி வருவது ஒரு அட்டைக் குழாயில். கை நுழையும் அளவுக்கு உள்ளே ஓட்டை. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பைண்டர் சுருளைப் படுக்கவைத்து, மெல்லச் சாய்த்து, விரித்த துணிமேல் தட்டினார்.

முதலில் தாள் நார்கள் வந்தன. நீளவாக்கில், சீராகக் கிழித்தவை. பிறகு ஒரு பந்துபோல மொத்தமும் வந்தது. பந்துக்குள் ஐந்து குஞ்சுகள். ரோஸ் நிறம், கண் திறக்கவில்லை. மூடிய கண்களோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

“இந்த வீட்லதான் பிரசவம் நடந்திருக்கு,” என்றார் இஸ்திரிக்காரர். “பதிவேட்லயே படுத்துப் பெத்திருக்கா. கெட்டிக்காரி.”

அக்கா குஞ்சுகளை ஒரு காலி டின்னில் பஞ்சு வைத்து எடுத்துப்போட்டாள். தூக்கிப் போடலாமா என்று பைண்டர் வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

“தூக்கிப் போட்டா பெத்தவ இங்கயேதான் சுத்துவா. அடுத்த மாசம் இன்னொரு அஞ்சு பெத்துப்போடுவா,” என்றாள் அக்கா. “பொறிக்குப் பின்னாடி இந்த டின்னை வை. சத்தம் கேட்டு வருவா. மொத்தமா ஓடைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டுடலாம்.”

“கொக்கில என்ன மாட்டறது? கருவாட்டுத் தலை இருக்கா?” என்றார் இஸ்திரிக்காரர்.

“எதுக்குக் கருவாடு?” மனைவி பசைப் பானையில் விரலை விட்டு, எலுமிச்சை அளவு உருட்டி, கொக்கியில் அப்பினாள். “இதைத்தானே ரெண்டு வாரமா சாப்பிடறா.”

பொறியும் டின்னும் உள்ளறை மூலைக்குப் போயின.

மணி பதினொன்று. அவர்கள் மேசையைத் துடைத்தார்கள்.

பைண்டர் தானே அடுப்பு பற்றவைத்துத் தனியாகப் பசை காய்ச்சினார். துத்தக் கல்லை நசுக்கினார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போட்டார். “இனிமே இந்தத் தாளைத் தொடட்டும், பாக்கறேன்,” என்றார். பசை மயில் கழுத்து நிறத்தில் கொதித்தது. மனைவி குழந்தையோடு வாசலில் போய் நின்றுகொண்டாள்.

நாற்பத்தொரு நார். அக்கா ஒவ்வொன்றையும் எலும்புத் தகட்டால் நீவி நேராக்கினாள். மெல்லிய புதுத் தாள் ஒன்றைக் கீழே விரித்து, அதன்மேல் வரி பார்த்து, மை பார்த்து, கோடு பார்த்து வைத்தார்கள்.

“பத்தொம்பதாம் தேதி, ஆண்.”

“அப்பா பேர்ல பாதி இருக்கு, மீதி எங்க?”

“இதோ. இல்ல, இது அடுத்த வரி. இவருக்கு அவர் பொண்டாட்டியச் சேத்துடாதே, குடும்பம் கலைஞ்சுடும்.”

“தெரு பேர் கிடைச்சிருச்சு. ஆளைக் காணோம்.”

“ஆளு உன் முழங்கைல ஒட்டியிருக்கான்.”

ஒரு மணிக்கு மனைவி ரொட்டியும் வெங்காயமும் கொண்டுவந்தாள். வாசலிலேயே கையை மூன்று தடவை கழுவச்சொல்லிவிட்டுக் கொடுத்தாள். நின்றபடி தின்றார்கள். இரண்டு மணிக்குக் கடைசி நார் ஒட்டியது. இருபத்தொரு குழந்தைகள் முழுசாக இருந்தன.

ஒன்பதாவது வரியில் மட்டும் ஒரு ஓட்டை. இரண்டு விரல் அகலம். நார்களிலும் இல்லை, குழாயிலும் இல்லை, தரையிலும் இல்லை. ஓட்டை விழுந்தது பெயர்க் கட்டத்தில்.

பைண்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எழுத்து எதுவும் போகலையே,” என்றாள் அக்கா. “காலியாத்தானே இருந்துது. காலியத்தான் தின்னிருக்கா.”

“ஈரம் காயணுமே,” என்றார் பைண்டர். வானம் மறுபடி மூடியிருந்தது.

இஸ்திரிக்காரர் தெருவைக் கடந்து போனார். கரி இஸ்திரிப் பெட்டியோடு திரும்பி வந்தார். தாளின்மேல் துணி விரித்து, பெட்டியின் அடியில் விரலால் தட்டிச் சூடு பார்த்து, அலுங்காமல் ஓட்டினார். துணியிலிருந்து ஆவி எழுந்தது.

“கல்யாணப் பட்டுக்குக்கூட இவ்வளவு பயந்ததில்ல பைண்டரே,” என்றார்.

தாள் காய்ந்தது. அக்கா எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு. ஊசியைக் கொண்டையிலிருந்து உருவினாள். தைக்கத் தொடங்கியதும் அவள் கை பறந்தது.

“குமாஸ்தாகிட்ட சொல்லணுமா?” என்று மனைவி கேட்டாள்.

“அவரே பாத்தாச் சொல்லிக்கலாம்,” என்றார் பைண்டர். “பின்னாடி புதுத் தாள் இருக்கறது தடவினாத்தான் தெரியும். அறுபது வருஷத்து வேலைம்மா. ஒரு எலியால போகக் கூடாது.”

கட்டிலை இறக்கிப் போட்டார்கள். டின்களை அடுக்கினார்கள். முழங்கால் வீக்கத்தின்மேல் பைண்டர் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

நான்கு அடிக்கக் குமாஸ்தா வந்தார். குடையை மடக்கி வாசலில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, தோல் பையைக் காலடியில் வைத்தார். பதிவேட்டை மடியில் வாங்கி முதுகைத் தடவினார்.

“தையல் பிரமாதம்மா.”

அக்கா தலையை ஆட்டினாள்.

அவர் எண்ணத் தொடங்கினார். வலது ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்தார். தாளின் மூலையில் வைத்தார். புரட்டினார். மறுபடி நாக்கு. தாள். நாக்கு. தாள்.

இந்த வீட்டில் அப்படி யாரும் செய்து அவர்கள் பார்த்ததில்லை. பைண்டர் தாள்களின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கை அவர் பார்க்கவில்லை. மனைவி நாக்கைத்தான் பார்த்தாள். ஐம்பத்தெட்டில் அவளுக்குத் துத்தப் பசை நினைவு வந்தது.

அறுபது. அறுபத்தொன்று. இஸ்திரிக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அறுபத்தைந்து. தாளின் மூலைவரைக்கும் அந்தப் பசை இருந்தது. மூலையை அக்காதான் அழுத்தித் தடவியிருந்தாள். அறுபத்தாறு. குமாஸ்தா விரலை நனைத்தார். அறுபத்தேழின் மூலையைத் தொட்டார். புரட்டினார். விரல் திரும்பவும் வாய்க்குப் போனது.

“நக்காதீங்க!”

மனைவி பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டாள். கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

“விஷம் சார்! துத்தம்! ரெண்டு மடங்கு துத்தம்!”

குமாஸ்தா கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். அந்த விரல் தன்னுடையது அல்ல என்பதுபோலப் பார்த்தார். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் விரலைக் கழுவினார். வாயைக் கொப்பளித்தார். இன்னொரு தடவை விரலைக் கழுவினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறுபத்தேழாம் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

நாற்பத்தொரு நாரும் தெரிந்தன.

“எலி சார்,” என்றார் பைண்டர். “தாளை வெளிய விட்டது நான். என் பொண்ணு இருக்கற தாள்னு எடுத்துப் பாத்தேன். தப்பு என்னுதுதான்.”

“பசைல துத்தம் போடாம விட்டது நான்,” என்றாள் மனைவி. “போட்டிருந்தா எலியே வந்திருக்காது.”

குமாஸ்தா ஒவ்வொரு வரியாகப் படித்தார். உதடு மட்டும் அசைந்தது. இருபத்திரண்டு வரி. அவர் எழுதிய எழுத்துதான். முடிக்க நேரம் எடுத்தார். ஜன்னலில் இஸ்திரிக்காரர் தலையை இன்னும் உள்ளே நீட்டினார்.

“பத்தாம் வரில ஒரு புள்ளி விட்டிருந்தேன்,” என்றார். “அது உள்பட சரியா ஒட்டியிருக்கீங்க.” பேனாவை எடுத்தார். தாளின் ஓரத்தில் ‘எலி கடித்தது, சேர்த்து ஒட்டப்பட்டது, சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். “ஆனா இந்த ஓட்டை இருக்கே. இங்க பேர் இருந்துதா இல்லையான்னு மேல கேப்பாங்க. நான் என்ன சொல்றது? இது யார் குழந்தை?”

மூவரும் மனைவி இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார்கள்.

குமாஸ்தா பையைத் திறந்தார். பெயர் சேர்க்கும் படிவம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அப்பா ஒரு கையெழுத்துப் போடுங்க. பேரைச் சொல்லுங்க. புதுத் தாள்மேல எழுதிட்டா ஓட்டை ஓட்டையா இருக்காது. அஞ்சு மணிக்குப் பஸ்.”

பத்து மாதச் சண்டை.

“நீயே சொல்லு,” என்றார் பைண்டர். “தாளைத் தொலைச்சவன் நான்.”

“நீங்களே சொல்லுங்க. உங்களை ஏமாத்தினது நான்.”

“பரவாயில்ல, நீ சொல்லு.”

“அண்ணி சொல்லட்டும். அவங்கதான் ஒரு தப்பும் பண்ணலை.”

“அம்மா, பஸ்ஸு,” என்றார் குமாஸ்தா.

அக்கா ஊசியைக் கொண்டையில் செருகினாள். கட்டத்தின் அகலத்தைப் பார்த்தாள். ஒரு முழப் பெயரை மனசுக்குள் சுருட்டி எங்கோ வைத்தாள்.

“அவ சொல்ற பேரை எழுதுங்க சார்,” என்றாள். “வீட்ல விஷம் வேணாம்னு நெனச்சவ அவதான்.”

பைண்டர் தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார். மனைவி பெயரைச் சொன்னாள். எழுத்து தப்பாமலிருக்க இரண்டு தடவை சொன்னாள். குமாஸ்தா எழுதினார். புதுத் தாளில் மை கொஞ்சம் ஊறியது. பிறகு நின்றது. அவர் ஊதினார்.

மீதித் தாள்களை விரலை நனைக்காமல் எண்ணினார். கஷ்டப்பட்டார். நூற்றுப் பன்னிரண்டு.

“அட்டை போட்டுடுங்க. திங்கக்கிழமை முதல் பத்து வருஷத்தை அனுப்பறேன்,” என்றார். வாசலில் குடையை எடுத்துக்கொண்டு நின்றார். “அதுல ஒண்ணுல நானும் இருக்கேன். எடுத்துப் பாக்க வேண்டாம்.”

அவர் தெருமுனை திரும்பும்வரை யாரும் அசையவில்லை. பிறகு இஸ்திரிக்காரர் ஜன்னலுக்கு வெளியே ஒரு கூச்சல் போட்டார். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பைண்டர் குழந்தையை வாங்கிக் கீழே நிற்கவைத்தார். அது மேசைக் காலைப் பிடித்துக்கொண்டது. அவர் எதிரில் குந்தினார். தான் வைக்க நினைக்காத அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முதல் தடவை.

குழந்தை திரும்பவில்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டார். அது காலிகோச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளறையில் பொறி விழுந்தது. டக்.

குழந்தை திரும்பியது. எல்லோர் முகத்தையும் பார்த்தது. மேசைக் காலை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தட்டியது.